அவன் எடுக்கும் பிரிவுதான் எனக்கும்!

பள்ளி ஆலோசகர் பதில்கள்

பள்ளிப் பிள்ளைகளின் நட்பைப் பற்றியும், அந்த நட்பு அவர்களுடைய வேலை, எதிர்காலம் பற்றிய எண்ணங்களை எப்படி மாற்றுகிறது என்பதைப் பற்றியும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

"என் மகனுக்குப் பதினைந்து வயது. அடுத்த ஆண்டு எந்தப் பாடப்பிரிவு என்று கேட்டால், நெருங்கிய நண்பனின் பெயரைச் சொல்லி, 'அவன் எதை எடுக்கிறானோ அதுதான் எனக்கும்' என்கிறான். அந்தப் பையன் நல்லவன்தான். இருந்தாலும் வாழ்க்கை முடிவை நட்பிடம் விட்டுவிடலாமா? இரண்டு பேரையும் கொஞ்ச நாள் பிரித்து வைத்துப் பார்க்கலாமா?"
— ஒரு தாய்

பிரிக்காதீர்கள். பிரித்தால் அந்தப் பாடப்பிரிவு வீம்பாக மாறிவிடும். நடுவில் அவனுக்கே அது பிடிக்காமல் போனாலும், உங்களிடம் தோற்கக் கூடாது என்பதற்காகவே அதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

இந்த வயதில் நண்பனின் இழுப்பு பெரியது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. 13 முதல் 16 வயதுள்ளவர்கள், 18 முதல் 22 வயதுள்ளவர்கள், 24-க்கு மேற்பட்டவர்கள் என்று மூன்று பிரிவினர். சிலரைத் தனியாகவும், சிலரைத் தங்கள் வயதுக்காரர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் ஓட்ட வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள், தங்கள் வயதுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது கணிசமாக அதிக ஆபத்தைத் துணிந்து எடுத்தார்கள். 24-ஐத் தாண்டியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை.

அதனால் முதல் காரியம், பாடப்பிரிவுப் பேச்சை நண்பன் இல்லாத நேரத்தில் எடுங்கள். அவன் எதிரில் கேட்டால், உங்கள் மகன் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டான், அவனுக்குத்தான் சொல்வான்.

இரண்டாவது காரியத்துக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இதே மாதிரி இரண்டு பையன்கள் என் அறைக்கு வந்தார்கள். ஒருவன் இயந்திரப் பைத்தியம். பழைய வானொலிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், எது கிடைத்தாலும் கழற்றிவிடுவான். அவனே பேசிக்கொண்டிருந்தான். இன்னொருவனிடம், "உனக்கும் மெஷின் பிடிக்குமா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவனுக்கு மெஷின் பிடிக்கும் மேடம். எனக்கு அவனைப் பிடிக்கும்" என்றான். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

சிரித்து முடித்ததும், "சரி, அவன் கழற்றும்போது நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்தது என்று வரைந்து வைப்பேன். இல்லாவிட்டால் இவனுக்குத் திருப்பி மாட்டத் தெரியாது" என்றான். நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பக்கம் பக்கமாகப் படங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எண், எண்ணுக்கு நேரே அதைக் கழற்றிய வரிசை, சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி. அந்தப் பையனுக்கு வரைபடமும், ஒரு விஷயத்தை அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எழுதிவைப்பதும் இயல்பாக வருகிறது. அவன் அதை ஒரு திறமையாக நினைத்ததே இல்லை. "சும்மா உதவி செய்தேன்" என்றுதான் சொன்னான்.

நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். நண்பர்களோடு இருக்கும்போது உங்கள் பிள்ளை யாரும் சொல்லாமலே எந்த வேலையை எடுத்துக்கொள்கிறான் என்று கவனியுங்கள். கணக்குப் பார்ப்பவனா, சண்டையை விலக்குபவனா, திட்டம் போடுபவனா, கடைசி வரை இருந்து சாமான்களை எடுத்துவைப்பவனா? "உனக்கு என்ன ஆக ஆசை?" என்று கேட்டால் கிடைக்காத பதில் அதில் கிடைக்கும்.

இன்னொன்று. ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் இளம் வயதினரை நான்கு நிலைகளாகப் பிரித்தார். தேடிப் பார்த்து முடிவுக்கு வந்தவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள், தேடலும் முடிவும் இல்லாதவர்கள், தேடாமலே முடிவெடுத்துவிட்டவர்கள். உங்கள் மகன் இப்போது கடைசி வகைக்கு அருகில் இருக்கிறான். ஆனால் ஒரு விஷயம் சகோதரி, "அப்பா சொன்னார், எடுத்தேன்" என்கிற பிள்ளையும் இதே வகைதான். அவனைப் பற்றி மட்டும் யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை!

"எனக்குப் பதினாறு வயது. அதிகம் பேச மாட்டேன். வகுப்பில் எனக்கு ஒரே ஒரு தோழிதான். வேலைக்குப் போக வேண்டுமென்றால் எல்லாரோடும் கலகலப்பாகப் பழகத் தெரிய வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். என்னால் முடியாது மேடம். எனக்கு நல்ல வேலை கிடைக்காதா?"
— ஒரு மாணவி

கிடைக்கும். கலகலப்பு என்பது சிலருடைய சுபாவம். அதை வேலைக்கான தகுதி என்று யார் சொன்னாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ரகசியத்தைக் காப்பாற்றுகிற, கோபம் வந்தாலும் மறுநாள் பேசுகிற ஒரு தோழி உனக்கு இருந்தால், மனிதர்களோடு பழகுவதில் கடினமான பகுதி உனக்கு ஏற்கெனவே தெரியும்.

உனக்குக் குறைவாக இருப்பது வேறு ஒன்று. நெருக்கம் இல்லாத அறிமுகங்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பதாக 55.6 சதவீதம் பேரும், அபூர்வமாகத்தான் பார்ப்பதாக 27.8 சதவீதம் பேரும் சொன்னார்கள். காரணம் எளிது. உன் நெருங்கிய தோழிக்குத் தெரிந்தது பெரும்பாலும் உனக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வருவதெல்லாம் பக்கத்து வகுப்புப் பெண், ஒரு போட்டியில் சந்தித்தவள், தோழியின் அக்கா, இப்படித் தூரத்தில் இருப்பவர்களிடமிருந்துதான். அவர் பேசியது வேலைக்குப் போகும் பெரியவர்களிடம் என்றாலும், பள்ளியிலும் நான் பார்ப்பது இதுதான். உதவித்தொகை, பயிற்சி முகாம், புதிதாக வந்த படிப்பு, எதுவானாலும் அப்படித்தான் காதுக்கு வந்து சேர்கிறது.

இதற்காக நீ கூட்டத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். நூலகப் பதிவேடு, கண்காட்சிக்குப் பெயர் எழுதும் பொறுப்பு, நாடகத்துக்கு விளக்குப் போடுவது, இப்படி ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கு. "உன் பெயரை எப்படி எழுதுவது, இனிஷியல் முன்னாலா பின்னாலா?" என்று கேட்பதும் அறிமுகம்தான். அதற்கு மேல் அன்று பேசத் தோன்றாவிட்டால் பேசாதே.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் இப்போதே ஏற்படுத்திக்கொள். நெருக்கமில்லாத ஒரு பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்பது. உனக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியராக இருக்கலாம், ஆய்வுக்கூட உதவியாளராக இருக்கலாம். கேள்வியை முன்பே தாளில் எழுதிக்கொண்டு போ. பார்த்துப் படித்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

"என் மகள் நாடகம், மன்றக் கூட்டம், குழுச் செயல்திட்டம் என்று அலைகிறாள். அதில் பாதி நேரம் சண்டை, அழுகை. மதிப்பெண்தானே வேலை வாங்கித் தரும்? இதெல்லாம் எதற்கு?"
— ஒரு தந்தை

மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன் ஐயா. கதவுக்கு உள்ளே விடுவதற்கு இன்னமும் அதைத்தான் கேட்கிறார்கள். உள்ளே போன பிறகு நடப்பதுதான் வேறு. பொருளாதார அறிஞர் டேவிட் டெமிங் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 1980-க்கும் 2012-க்கும் இடையே, மனிதர்களோடு அதிகம் பேசிப் பழக வேண்டிய வேலைகளின் பங்கு ஏறத்தாழ 12 சதவீதப் புள்ளிகள் கூடியது. கணக்கு அதிகம் தேவைப்படும், ஆனால் ஆட்களோடு பழக்கம் குறைவாக உள்ள வேலைகளின் பங்கு அதே காலத்தில் குறைந்தது. இரண்டும் சேர்ந்து கைவந்தவர்களுக்குத்தான் நல்ல காலம். அது ஒரு நாட்டின் கணக்கு என்றாலும், இயந்திரத்திடம் கொடுத்துவிட முடியாத வேலை எது என்ற கேள்வி எல்லா இடத்திலும் அதேதான்.

"பாதி நேரம் சண்டை, அழுகை" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்தப் பாதிதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு குழுச் செயல்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஞாயிறு மாலை வரை ஒருத்தி தன் பகுதியை அனுப்பவில்லை. அவள் வேறு யாரும் இல்லை, உங்கள் மகளின் உயிர்த் தோழி. இப்போது உங்கள் மகள் என்ன செய்ய முடியும்? அவளுடைய பகுதியைத் தானே எழுதிவிட்டு வாய் மூடிக்கொள்ளலாம். ஆசிரியரிடம் சொல்லிவிடலாம். அல்லது தோழியைக் கூப்பிட்டு, "நீ அனுப்பாததால் நாங்கள் நாலு பேரும் காத்திருக்கிறோம், எட்டு மணிக்குள் எவ்வளவு முடியும் சொல்லு, மீதியைப் பிரித்துக்கொள்கிறோம்" என்று நேராகச் சொல்லலாம்.

முதல் வழியைத்தான் நல்ல பிள்ளைகள் எல்லாரும் எடுப்பார்கள். பெரியவர்களான பிறகும் அதையே செய்துகொண்டிருப்பார்கள். அலுவலகத்தில் அடுத்தவர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரவில் வீட்டுக்கு வந்து புலம்புகிற ஆட்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். மூன்றாவது வழியைப் பழகுவதற்குப் பள்ளியை விட்டால் நல்ல இடம் கிடையாது. தவறாகப் பேசிவிட்டால் போவது ஒரு வாரத் தோழமை. அதுவும் பெரும்பாலும் அடுத்த வாரமே திரும்பி வந்துவிடும். வேலையில் அந்தச் சலுகை கிடைக்காது.

அதனால் அவள் அழுதுகொண்டு வந்தால், "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்காதீர்கள். "யார் என்ன செய்வதாக ஒத்துக்கொண்டீர்கள்? எழுதிவைத்தீர்களா?" என்று கேளுங்கள். எழுதிவைக்கவில்லை என்பாள். அடுத்த தடவை எழுதிவைப்பாள்.

எல்லை இல்லாமல் விடச் சொல்லவில்லை. தூக்கம் கெட்டால், தேர்வுக்கு முந்தைய வாரம் ஒத்திகை வந்தால், கண்டிப்பாக நிறுத்துங்கள். ஒரு ஆண்டுக்கு ஒரு பெரிய பொறுப்பு போதும். ஐந்து மன்றத்தில் உறுப்பினர் என்று காகிதத்தில் போட்டுக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை.

"நான் செவிலியர் படிப்புப் படிக்க விரும்புகிறேன். நண்பர்களிடம் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு 'சிஸ்டர்' என்று பட்டப்பெயர். இப்போது யார் கேட்டாலும் 'இன்னும் யோசிக்கவில்லை' என்று சொல்லிவிடுகிறேன். விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது."
— பதினேழு வயது மாணவன்

தம்பி, உன் நண்பர்கள் பேசுவது அவர்கள் சொந்தமாக யோசித்த கருத்துகூட இல்லை. லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற அறிஞர் 1981-ல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஆறு முதல் எட்டு வயதுக்குள்ளேயே குழந்தைகள் "இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை" என்று பிரித்து, ஒரு பாதியைத் தள்ளிவிடுகிறார்கள். ஒன்பது முதல் பதின்மூன்றுக்குள் "இது கௌரவமான வேலை, இது இல்லை" என்று இன்னொரு பகுதியும் போய்விடும். தனக்கு எது பொருந்தும் என்று யோசிக்கத் தொடங்குவது அதற்கு அப்புறம்தான். அதாவது, யோசிக்கத் தொடங்கும்போது எதிரில் மிச்சம் இருப்பதே கொஞ்சம். நீ அந்தக் கோட்டைத் தாண்டி வந்து யோசித்திருக்கிறாய். உன் நண்பர்கள் எட்டு வயதுப் பட்டியலை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அவர்களைத் திருத்துவது உன் வேலை இல்லை. ஆனால் "இன்னும் யோசிக்கவில்லை" என்று சொல்வதை நிறுத்து. அதைச் சொல்லச் சொல்ல உனக்கே அது உண்மையாகிவிடும், உதவக்கூடியவர்களும் உன்னிடம் வர மாட்டார்கள். கூட்டமாக இருக்கும்போது பேச்சை எடுக்காதே. அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் நிதானமான ஒருவன் இருப்பான், அவனிடம் தனியாகச் சொல். கேலி நான்கு பேர் சேர்ந்தால்தான் நடக்கும். தனியாக இருக்கும்போது அதே பையன், "ரத்தம் பார்த்தா பயமா இருக்காதா?" என்று ஒழுங்காகக் கேட்பான்.

அப்புறம், வேலையில் இருக்கும் ஓர் ஆண் செவிலியரிடம் போய்ப் பேசு. இரவுப் பணி எப்படி இருக்கும், முதுகு வலிக்குமா, நோயாளி இறந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேள். அதன் பிறகும் ஆசை அப்படியே இருந்தால், எந்தப் பட்டப்பெயரும் உன்னை ஒன்றும் செய்யாது. ஆசை குறைந்தால் அதுவும் சரிதான். பட்டப்பெயருக்காக விட்டதாக இருக்காதே!

"என் வகுப்பில் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டால், மருத்துவர், பொறியாளர், காவல்துறை என்று விரல் விட்டு எண்ணக்கூடிய பதில்களே வருகின்றன. ஒருவன் சொன்னதை அடுத்த பெஞ்ச் அப்படியே திருப்பிச் சொல்கிறது. நான் தனியாக என்ன செய்துவிட முடியும்?"
— ஓர் ஆசிரியர்

உங்கள் வகுப்பு மட்டும் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (OECD) என்ற பன்னாட்டு அமைப்பு 2018-ல் பதினைந்து வயது மாணவர்களிடம் முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டது. 41 நாடுகளில் 47 சதவீத ஆண் பிள்ளைகளும் 53 சதவீதப் பெண் பிள்ளைகளும் வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்த வேலைகள் அவ்வளவுதான். கேள்வியை வாய்விட்டுக் கேட்பதும் ஒரு காரணம். எல்லார் முன்னாலும் கேட்டால் முதல் பெஞ்ச் பதில்தான் வகுப்பின் பதில். தாளில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பட்டியல் கொஞ்சம் நீளும்.

வேலையில் இருப்பவர்களை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். மாணவர்களின் பெற்றோரே போதும். ஆனால் சாதனை உரை வேண்டாம். "நான் எப்படி முன்னுக்கு வந்தேன்" என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "நேற்றுக் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்?" என்று ஒரே கேள்வியோடு உட்கார வையுங்கள். கணக்காளர் ஒருவர் ஒரு சின்ன வித்தியாசம் எங்கே வந்தது என்று பாதி நாள் தேடியதைச் சொன்னபோது, எப்போதும் தூங்குகிற கடைசி பெஞ்ச் பையன், "கடைசியில கிடைச்சுதா சார்?" என்று எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் போன பிறகு பத்து நிமிடம் விடுங்கள். இருவர் இருவராகப் பேசட்டும். வழக்கமான நண்பனோடு வேண்டாம், அதிகம் பழகாதவரோடு. "இந்த வேலையில் உனக்கு எந்தப் பகுதி பிடிக்காது?" என்ற கேள்வியில் தொடங்கச் சொல்லுங்கள். பிடித்ததைச் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைகூடப் பிடிக்காததைச் சொல்லிவிடும்.

"எந்த வயதுக்குள் தன் தொழிலை முடிவு செய்திருக்க வேண்டும்? என் வகுப்பில் எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள், நான் மட்டும்தான் பாக்கி."
— பதினாறு வயது மாணவி

டொனால்ட் சூப்பர் என்ற அறிஞர், வேலை வாழ்க்கையைக் கட்டங்களாகப் பிரித்தபோது 15 முதல் 24 வயது வரையிலான காலத்தைத் தேடும் கட்டம் என்றே வைத்தார். உனக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள் என்பதையும் நம்பாதே. வெளியே யாராவது கேட்டால் நீயும் ஏதோ ஒன்றைச் சொல்லித்தானே சமாளிக்கிறாய்? பக்கத்தில் இருப்பவளிடம், "நிஜமாவே முடிவு பண்ணிட்டியா?" என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுது.